ஆரணியாற்றின் வழியே வடமாலபேட்டைக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் திருப்பதிக்குப் போகாத குடும்பம் அரிது. பிள்ளைக்கு முதல் முடி இறக்குவதென்றாலும், மகளுக்கு வரன் அமைந்ததென்றாலும், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானம் ஏறி, மறுநாளே வண்டி பிடித்து மலையடிவாரம் சேர்ந்துவிடுகிறோம். அவ்வழியில் புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே வடமாலபேட்டை என்று ஓர் ஊர் உண்டு. அங்கே காப்பி அருந்தியிருப்போம். ஊர்ப் பெயரை மறந்திருப்போம். சென்ற தை மாதத்தில் நாம் அவ்வூரையே முடிவிடமாகக் கொண்டு ஒரு பிரயாணம் செய்தோம். கோயிலுக்கென்று புறப்பட்டதல்ல அது. ஒரு கிணற்றின் பொருட்டுப் புறப்பட்டது.

அந்தக் கிணறு நம் அத்தையார் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காட்டுச் சாலையிலிருந்து உள்ளே தள்ளிய சிற்றூர். நாம் சிறுவராயிருந்த காலத்தில் அக்கிணற்று நீர் இளநீர் போல் இருக்கும். இப்போது அதில் வாளியை விடுவது பாத்திரம் கழுவுவதற்கு மட்டுமே. "வாயில வெக்க முடியாதுப்பா. இந்தத் தண்ணியில பருப்பும் வேகாது" என்றார் அத்தை. குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அடைத்து விற்கும் கேன் நீரையே அவர் வாங்குகிறார். பிள்ளைகளோ, "சிங்கப்பூரில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோமே, இங்கே ஏன் கூடாது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடை சொல்லத் தெரியாமல் நாம் விழித்தோம்.

மீஞ்சூர்ப் பகுதி ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் இடைப்பட்ட நிலம். ஆறுகள் காலங்காலமாய்க் கொண்டுவந்து குவித்த மணலும் வண்டலுமே அதன் அடித்தளம். அம்மணலுக்குள் நன்னீர் தேங்கி நின்றது. 1960-களில் ஐக்கிய நாடுகள் சபையின் வளர்ச்சித் திட்ட உதவியோடு இந்நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். அதன்பின் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் தோண்டி, சென்னை மாநகருக்கும் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கும் நீர் கொண்டுபோனார்கள். உழவர்களும் தம் பங்குக்கு இறைத்தார்கள். இறைத்த அளவுக்கு மேலிருந்து நீர் வந்து நிரம்பவில்லை. வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு கடல் சும்மா இருக்குமா?

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்லவேண்டும். நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. ஆகையால் கரையோர மணலுக்குள் அது கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்குக் கடல்நீரை அமுக்கி வைக்கும். அந்த ஓரடியை இறைத்துவிட்டால் கீழிருக்கும் 40 அடியும் உப்பு வசமாகும். மேலே பார்த்தால் கிணற்றில் நீர் சற்று இறங்கியதுபோல்தான் தோன்றும். கீழே நாற்பது மடங்கு இழப்பு நடந்துவிடும். மீஞ்சூரில் நிகழ்ந்தது இதுவே. கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே உப்பு ஏறிவிட்டது. ஒருமுறை ஏறிய உப்பை வெளியே தள்ளுவதற்கு ஒரு மழைக்காலம் போதாது. பல ஆண்டுகள் தொடர்ந்து ஆற்றில் நீர் ஓடி, மணலுக்குள் இறங்கவேண்டும்.

ஆற்றில் நீர் எங்கே? அதைப் பார்த்துவிடுவோம் என்றே மறுநாள் விடியலில், ஆறு கடலை அடையும் இடத்திலிருந்து அது பிறக்கும் இடத்தை நோக்கி, எதிர்த்திசையில் வண்டியைச் செலுத்தினோம்.

பழவேற்காட்டு ஏரிக் கரையில் படகுகள் கிடந்தன. ஆரணியாறு இங்கேதான் உப்பங்கழியோடு கலக்கிறது. கலக்கிறது என்பது மாரிக்காலத்துச் செய்தி; நாம் கண்டபோது கழிநீர் ஆற்றுக்குள் ஏறியிருந்ததேயன்றி, ஆற்று நீர் கழிக்குள் இறங்கவில்லை. பொன்னேரியைக் கடந்து பெரியபாளையம் சேர்ந்தோம். பவானியம்மன் கோயில் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆடி மாதத்தில் இலட்சக்கணக்கானோர் கூடும் இடம். அன்று ஆற்றில் மணலும் நாணலும் சில ஆடுகளும் இருந்தன.

ஊத்துக்கோட்டைக்கு அருகே தாமரைக்குப்பத்தில் வண்டியை நிறுத்தி, கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் 'ஜீரோ பாயின்ட்' என்னும் இடத்தைப் பார்த்தோம். பலகையைத் தவிர அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கால்வாயின் வரலாறு ஒரு காவியத்துக்குரியது. சென்னையின் தாகம் தீர்க்க, மகாராஷ்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் கிருஷ்ணையில் தமக்குரிய பங்கிலிருந்து தலைக்கு 5 டி.எம்.சி. தர 1976-இல் இசைந்தன. டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆகப் பதினைந்து, வழியில் ஆவியாவதும் கசிவதும் மூன்று போக, எல்லையில் தரவேண்டியது 12 டி.எம்.சி. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதலமைச்சர்களாயிருந்தபோது ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஜூலை முதல் அக்டோபர் வரை எட்டு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு என்று காலமும் வகுத்தார்கள். ஸ்ரீசைலத்தில் புறப்படும் நீர் சோமசீலை, கண்டலேறு என்று நீர்த்தேக்கங்களில் தங்கித் தங்கி, 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்து பூண்டிக்கு வந்தது 1996-இல். கண்டலேற்றிலிருந்து எல்லை வரை 152 கிலோமீட்டர் வரும் கால்வாய்க் கரை சரிந்து, நீர் பெரிதும் வீணாயிற்று; புட்டபர்த்தி சத்திய சாயி அறக்கட்டளையார் பொருள் தந்து அதைச் செப்பனிட்டார்கள். அதனால் அதற்குச் சாயி கங்கை என்றும் பெயர்.

பன்னிரண்டும் ஆண்டுதோறும் முழுமையாய் வந்து சேர்ந்ததில்லை. கிருஷ்ணையில் மழை பொய்த்தால் மேலே உள்ளவர்களுக்கே முட்டுப்பாடு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, சோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் இந்த உடன்படிக்கைக்கு ஒரு சிறப்பு உண்டு: எவ்வளவு, எப்போது, எந்த இடத்தில் என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்கிறது. குறைந்தால் குறைந்ததென்று எடுத்துக் காட்டலாம்.

கால்வாயிலிருந்து சிறிது தொலைவிலேயே ஊத்துக்கோட்டையில் ஆரணியாறு குறுக்கிடுகிறது. நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நீர் கொண்டுவரும் கால்வாய் ஒருபுறம். காலடியிலேயே வறண்டு கிடக்கும் ஆறு மறுபுறம். இந்த இரண்டையும் ஒரே காலை வேளையில் பார்த்தவர்க்கு மனம் ஒருநிலையில் நில்லாது.

எல்லை தாண்டியவுடன் சுருட்டப்பள்ளி. சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சி தரும் தலம். ஆலகாலம் உண்ட களைப்பு என்கிறார்கள். தூணோரத்தில் பிள்ளைகள் கேட்டது: "இங்கே எல்லாரும் தமிழ் பேசுகிறார்களே, இது எப்படி ஆந்திரம்?" நியாயமான கேள்வி. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலானோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணியும் அதனைச் சார்ந்த ஊர்களும் சென்னை இராச்சியத்துக்கு வந்தன. செங்கற்பட்டு மாவட்டத்துச் சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரம் சென்றன. கிராமங்களை எண்ணி, மக்கள் பேசும் மொழியை எண்ணிக் கோடு போட்டார்கள். கோட்டின் இருபுறமும் ஓடும் சிற்றாறுகளை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை போலும்.

நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் தம் தாயார் பெயரால் அமைத்த ஊரையும் வேதநாராயணர் கோயிலையும் விரைந்து கண்டு, பிச்சாட்டூர் அணைக்குப் போனோம். 1950-களில் ஆரணியாற்றின் குறுக்கே கட்டப்பட்டது. கரைமேல் நின்றால் நாற்புறமும் மலைகளும் நடுவே நீர்ப்பரப்புமாய்க் கண்ணுக்கு இனிய காட்சிதான். கீழே உள்ள வயல்கள் பச்சையாயிருந்தன. அவ்வயலுக்குரியவர்களிடம் குறை காண நமக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்த அணை தமிழ்நாட்டு நாளேடுகளில் இடம்பெறுவது ஒரே வகையில்தான்: ஐப்பசி கார்த்திகையில் நிரம்பியதும் மதகு திறப்பார்கள், தரைப்பாலங்கள் மூழ்கும், கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுப்பார்கள். அந்த வெள்ளம் இரண்டு மூன்று நாளில் கடலில் கலந்துவிடும். மற்ற மாதங்களில் ஆற்றுக்கென்று ஒரு துளியும் விடவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. நம் அத்தையார் கிணற்றுக்கு வேண்டியது மூன்று நாள் வெள்ளமன்று. மூன்று மாதம் மெல்ல ஓடும் நீர்.

நாராயணவனத்தில் ஆற்றின் பெயரே மாறிவிடுகிறது. அங்கே அருணை. பத்மாவதித் தாயாருக்கும் சீனிவாசனுக்கும் திருமணம் நடந்த ஊர் என்பது ஐதிகம். அங்கிருந்து புத்தூர். எலும்பு முறிந்தவர்க்கெல்லாம் புத்தூர்க் கட்டு நினைவுக்கு வரும். நம் மாமா ஒருவர் 1970-களில் கை முறிந்து மாட்டு வண்டியில் இங்கு வந்து கட்டுப் போட்டுக்கொண்ட கதையைச் சொல்லிக்கொண்டே கடந்தோம்.

பிறகு வடமாலபேட்டை. 2022-இல் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த மண்டலம் இது. இருபுறமும் செம்பாறை மலைகள், மாந்தோப்புகள், வேர்க்கடலைக் கொல்லைகள், நடுவே சென்னை–திருப்பதி நெடுஞ்சாலை. மஞ்சள் ஆடை உடுத்துத் திருமலைக்கு நடந்துபோகும் அடியார் கூட்டம் ஒன்று மர நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்தது. மண்டலத்தின் உள்ளே பிரசன்ன வேங்கடேசுவரர் எழுந்தருளியிருக்கும் அப்பலாயகுண்டா. தெலுங்கில் 'குண்ட' என்றால் குட்டை. இப்பக்கத்து ஊர்ப் பெயர்களில் குண்டயும் செருவும் எத்தனை! நீரின் பெயரை ஊருக்கு இட்டு வாழ்ந்தவர்கள்; ஏரியும் குளமுமே இவர்கள் செல்வம். வட பக்கத்து மலைகளின் மழை ஸ்வர்ணமுகியில் இறங்கிக் காளத்தி வழியே போகிறது. தென்பக்கத்து மழை அருணையில் சேர்ந்து ஆரணியாகிறது. நகரிப் பக்கத்து மழையோ குசஸ்தலி என்னும் கொசஸ்தலையாய்ப் பள்ளிப்பட்டு வழியாகப் பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944-இல் திறந்து, சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டிய அந்த ஏரிக்கு நீர் தரும் படுகையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஆந்திரத்தில் இருக்கிறது.

சாலையைவிட்டுப் புத்தூர்ப் பக்கமாய்த் திரும்பி ஓர் ஏரிக்கரைமேல் நடந்தோம். ஏரியில் காற்பங்கு நீர்கூட இல்லை. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். மீஞ்சூர்க் கிணற்றுக் கதையைச் சொன்னோம். பொறுமையாய்க் கேட்டுவிட்டு அவர் சொன்னது இது: "உங்க அத்தை கிணறு உப்பாச்சுன்னா எனக்கும் கஷ்டம்தான் சாமி. ஆனா இந்தச் செருவைப் பாருங்க. மூணு வருஷத்துக்கு ஒரு வாட்டி ரொம்பினா பெரிசு. ஆயிரம் அடி போர் போட்டு மாமரத்தைக் காப்பாத்தறோம். வர்ற மழையை நாங்க நிறுத்தாம கீழே விடுன்னா, எங்க பிள்ளைங்க எங்கே போவாங்க?"

நமக்கு மறுமொழி இல்லை. கிருஷ்ணை நீர் கிழக்கே சில காதத் தொலைவில் சென்னைக்குப் போகிறது. இவர் ஏரிக்கு வருவதில்லை. காலேறு–நகரி என்று ஒரு திட்டம் கிருஷ்ணை நீரை நகரி வரை கொண்டுவருவதற்கென்றே வகுக்கப்பட்டு, நெடுங்காலமாய் வேலை நடந்துவருகிறது. அது வரும் என்று தம் தந்தையார் சொன்னதாகப் பெரியவர் சிரித்தார். 2022-இல் குசஸ்தலியின் குறுக்கே கார்வேட்டிநகரம் பக்கத்தில் இரண்டு நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திர அரசு முனைந்தபோது, அவற்றைக் கட்டவேண்டாம் என்று தமிழக முதலமைச்சர் கடிதம் எழுதினார். கடிதம் எழுதியது முறையே. ஆனால் அந்நீர்த்தேக்கம் வேண்டும் என்று கேட்டவர்களும் இந்தப் பெரியவரைப் போன்றவர்கள்தாமே என்ற எண்ணம், கரைமேல் நின்றபோது எழாமல் இல்லை.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இது புதிய கதையன்று. நாம் அருந்தும் நீரில் ஒரு பங்கு ஜொகூர் ஆற்றினுடையது. 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 2061 வரை நாளொன்றுக்கு 25 கோடி காலன் எடுக்கும் உரிமை சிங்கப்பூருக்கு உண்டு. ஆயிரம் காலனுக்கு மூன்று சென் என்ற விலையைப் பற்றி இரு நாட்டு அமைச்சர்களும் பேசிப் பேசி ஓய்ந்ததை நாளேட்டில் படித்திருக்கிறோம். ஆனால் அந்த விலைப் பேச்சுக்கு அப்பால் இன்னொன்று உண்டு. அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஜொகூர் ஆற்றிலும் கடல் ஏறி வருகிறது. ஓட்டம் குறைந்தால் உப்பு நீர் எடுக்கும் இடம் வரை வந்துவிடும். அப்போது உடன்படிக்கையில் எத்தனை கோடி காலன் எழுதியிருந்தாலும் நீரேற்று நிலையத்தை நிறுத்தவே வேண்டும். ஆகையால் 1990-இல் மற்றோர் உடன்படிக்கை செய்து, ஆற்றின் மேற்பகுதியில் லிங்கியு நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். அங்கிருந்து விடும் நன்னீர், குடிநீராவதற்கு முன்னால், உப்பைக் கீழே தள்ளி நிறுத்தும் காவல் வேலையைச் செய்கிறது. 2016-இல் அந்நீர்த்தேக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கியபோது நம் பத்திரிகைகள் பதறியது இதனால்தான்.

அமெரிக்காவிலும் ஒரு வழக்கு உண்டு. கொலராடோ ஆற்றில் ஆண்டுதோறும் 15 இலட்சம் ஏக்கர்-அடி நீர் மெக்சிகோவுக்குத் தருவதாய் 1944-இல் உடன்படிக்கை. அளவு சொன்னார்களேயன்றி நீரின் தன்மையைச் சொல்லவில்லை. 1961-இல் அரிசோனாவின் வயல்களிலிருந்து வடித்த உப்புநீரை ஆற்றில் விட்டார்கள். மெக்சிகாலிப் பள்ளத்தாக்கின் உழவர்கள் பயிர் கருகி முறையிட, 'அளவில் குறைவில்லையே' என்பது முதல் மறுமொழி. 1973-இல்தான், இவ்வளவுக்கு மேல் உப்பு கூடக்கூடாது என்று ஓர் எண்ணை இரு நாடும் ஏற்றுக்கொண்டன. பன்னிரண்டு ஆண்டு வழக்கு அது.

நம் ஆரணிக்கும் கொசஸ்தலைக்கும் அந்த முதற்படியே வரவில்லை. பூண்டியில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை நாளேடு நாள்தோறும் அச்சிடுகிறது. கடல் முகத்தில் உப்பைத் தடுக்க எத்தனை அடி வேண்டும் என்பது எந்தக் கணக்கேட்டிலும் ஒரு பங்காக எழுதப்படவில்லை. மேலே உள்ளவர் ஏரிக்கும், நடுவே உள்ளவர் வயலுக்கும், நகரத்தார் குழாய்க்கும் பங்கு கேட்கிறார்கள். ஆற்றின் வாய்க்குப் பங்கு கேட்பவர் இல்லை. குற்றம் வடக்கே மட்டும் இல்லை என்பதையும் சொல்லவேண்டும்: மீஞ்சூர் மணலை உறிஞ்சியது நம் நகரமே, ஆற்று மணலை அள்ளியவர்களும் நம்மவரே. 2010-இல் மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாள்தோறும் 10 கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் ஆலை வந்தது. கடல் நீரைக் காசு கொடுத்து இனிப்பாக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே, காசில்லாமல் கிடைத்த இனிய நீர் உப்பாகிப் போனது.

பெரியவர் எங்களைத் தம் கிணற்றுக்கு அழைத்துப் போனார். சுற்றிலும் மாமரங்கள், பூ எடுக்கும் பருவம். ஆழ்குழாய் நீரைத் தொட்டியில் விட்டுக் குடிக்கச் சொன்னார். இனித்தது. வண்டியிலிருந்த இரண்டு கேன்களையும் நிரப்பிக் கொடுத்து, "அத்தைக்குக் கொண்டுபோங்க" என்றார். காசு கொடுக்க முயன்றோம்; கோபித்துக்கொண்டார்.

இரவு எட்டு மணிக்கு ஊர் திரும்பினோம். அத்தையார் ஒரு கேனைத் திறந்து, துவரம் பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றினார். சற்று நேரத்தில் கரண்டியால் நசுக்கிப் பார்த்தவர், "எந்த ஊர்த் தண்ணி இது?" என்றார். சொன்னோம்.

"ஆத்துல வரவேண்டியது கார்ல வந்திருக்குது" என்றார் அத்தை. மற்றொரு கேனை யாரும் தொடக்கூடாதென்று சொல்லி, காலைக் காப்பிக்காக உள்ளே எடுத்து வைத்தார்.